பவளத் தொட்டியில் கோபிபாட்: விடுவதும் நிலைக்க வைப்பதும்

கோபிபாட் என்பது இறால், நண்டு ஆகியவற்றின் உறவுக்கூட்டத்தைச் சேர்ந்த மிகச் சிறிய நீருயிர். முழு வளர்ச்சி அடைந்ததன் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரைதான். கிரேக்க மொழியில் துடுப்பையும் காலையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து அமைந்த பெயர் இது. அதனால் தமிழில் ‘துடுப்புக்காலி’ என்றும் எழுதுவார்கள். தொட்டி வைத்திருப்பவர்கள் சுருக்கமாக ‘பாட்ஸ்’ என்பார்கள். இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட வகைகள் 10,000-க்கும் அதிகம். நடுக்கடல், கழிமுகம், ஆறு, குளம், ஈரப்பாசி என்று நீர் தங்கும் இடமெல்லாம் இவை வாழ்கின்றன.

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த உயிரின் நன்னீர் உறவு புதிதல்ல. லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் சண்டைமீன் பிடித்துக் கண்ணாடிப் போத்தலில் வளர்த்த பிள்ளைகள், அதே வாய்க்கால் நீரைத்தான் அள்ளி ஊற்றினார்கள். அந்த நீரை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து வெயிலில் பார்த்தால், விட்டுவிட்டுத் துள்ளும் வெளிர்ப்புள்ளிகள் தெரியும். அவற்றில் பல சைக்ளோப்ஸ் என்ற நன்னீர்க் கோபிபாட். இந்தியாவின் படிக்கிணறுகளில் நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்தது இந்தச் சைக்ளோப்ஸ்தான். வாய்க்கால் சைக்ளோப்ஸைக் கடல்நீர்த் தொட்டியில் விட்டால் அது பிழைக்காது. பவளத் தொட்டிக்கு வேண்டியது கடலிலும் கழிமுகத்திலும் வாழும் வகை.

தொட்டியில் இதன் வேலை

வீட்டுப் பவளத் தொட்டியில் கோபிபாட் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கண்ணாடியிலும் பாறையிலும் படியும் டயட்டம் பாசி, நுண்ணுயிர்ப் படலம், மீன் தின்று மிஞ்சிய துகள் ஆகியவற்றை மேய்ந்து சுத்தம் செய்கிறது. பிறகு, தானே மீனுக்கும் பவளத்துக்கும் உணவாகிறது. வீணாய்ப் போகும் கழிவை உயிருள்ள உணவாக மாற்றுகிற அந்தச் சுழற்சியே அதன் பெருமை.

உணவு என்ற வகையில் இதற்கு ஈடாக மற்றொன்றைச் சொல்வது கடினம். டி.எச்.ஏ., இ.பி.ஏ. என்ற கொழுப்பு அமிலங்கள் கடல்மீனுக்குக் கட்டாயம் தேவை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரின் குஞ்சில் டி.எச்.ஏ. ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தனியாக ஊட்டமேற்றித்தான் கொடுக்க வேண்டும். கோபிபாடில் இவை இயல்பாகவே நிறைந்துள்ளன. அளவிலும் வேறுபாடு உண்டு. ஆர்ட்டீமியா குஞ்சு ஏறத்தாழ 400 முதல் 500 மைக்ரான். சில கோபிபாடுகளின் இளவுயிர் 100 மைக்ரானுக்கும் கீழ். பல கடல்மீன்களின் இளங்குஞ்சு வாய்க்குள் நுழையக்கூடியது இந்தச் சிற்றளவுதான்.

இதனால்தான் மீன்குஞ்சுப் பண்ணைகள் இதை முதலில் கையில் எடுத்தன. மலேசியாவில் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்போசைக்ளோப்ஸ் டெங்கிசிகஸ் என்ற வகையை வளர்க்கும் முறையை ஆராய்ந்து எழுதியுள்ளார்கள். குஞ்சு வளர்ப்பில் கைதேர்ந்த இடங்கள் இன்னும் உண்டு. கெடாவிலேயே, கோத்தா கோலமூடாவுக்கு அருகில் உள்ள கம்போங் பூலாவ் சாயாக்கில் மீன்வளத் துறையின் ஆய்வு நிலையம் இறால் குஞ்சு உற்பத்தியில் நீண்ட காலம் பணியாற்றி வருகிறது. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் கோமாளி மீன்களைப் பொரிக்கவைத்து வளர்க்கும் வழியைக் கண்டது. பெரிய தொட்டிகளில் இவர்கள் பழகிய அதே ஒழுங்கைச் சின்ன அளவில் கடைப்பிடிப்பதுதான் வீட்டுத் தொட்டிக்காரரின் வேலை.

வகையும் வாழிடமும்

பவளத் தொட்டிக்கு வரும் கோபிபாடுகள் மூன்று பெரும் பிரிவுகளைச் சேர்ந்தவை. எந்தப் பிரிவு எங்கே வாழும் என்று தெரியாமல் வாங்குவதே பலருடைய முதல் தவறு.

ஹார்பாக்டிகாய்டு பிரிவு தரையிலும் பாறையிலும் ஊர்ந்து வாழ்வது. டிஸ்பே இதில் பெயர்பெற்றது. உடல் சிறியது, நிறம் வெளிர், பதுங்கும் இயல்பு உடையது. துகள், பாசி, நுண்ணுயிர்ப் படலம் எதையும் தின்னும். வெதுவெதுப்பான நீரில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். மீன்கள் நிறைந்த தொட்டியிலும் பாறை இடுக்கில் ஒளிந்து தலைமுறை தாண்டுவது இதுதான். இதே பிரிவைச் சேர்ந்த டிக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ் பெரியது, சிவந்தது, கண்ணுக்கு நன்றாகத் தெரிவது. அதனாலேயே மீனுக்கும் முதலில் அதுதான் தெரியும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், பாறைக் குழிகளில் தேங்கும் கடல்நீரில் வாழும் உயிர் இது. பவளத் தொட்டியில் இதை ஒருவேளை விருந்து என்று கொள்ளலாம். நிலையாகத் தங்கிப் பெருகும் என்று எண்ணக் கூடாது.

சைக்ளோபாய்டு பிரிவில் அப்போசைக்ளோப்ஸ் பரவலாகக் கிடைக்கிறது. இளமையில் நீரில் மிதந்தும், வளர்ந்த பின் தரையிலும் நீரிலும் மாறி மாறியும் வாழும். உப்புத்தன்மை ஏறி இறங்கினாலும் தாங்கும். வளர்ப்பதும் எளிது.

கலனாய்டு பிரிவு வாழ்நாள் முழுவதும் நீரில் மிதப்பது. பார்வோகலானஸ், அகார்ஷியா போன்றவை இதில் அடங்கும். மீன்குஞ்சு வளர்ப்போருக்கு இவை பொன். ஆனால் பம்பும், கழிவை நுரையாக அகற்றும் ஸ்கிம்மரும் ஓடும் பவளத் தொட்டியில் திறந்த நீரில் மிதப்பது நெடுநாள் தங்காது. தொட்டியில் குடி அமர்த்துவதற்கு டிஸ்பேயும் அப்போசைக்ளோப்ஸும் கலந்து விடுவதே நல்ல தேர்வு.

மூன்று பிரிவுக்கும் வளர்ச்சி முறை ஒன்றுதான். முட்டையிலிருந்து வெளிவருவது நாப்ளியஸ் என்ற இளவுயிர். அது ஆறு நிலைகளைக் கடந்து, ஒவ்வொரு முறையும் சட்டை உரித்து, பிறகு ஐந்து இடைநிலைகளைத் தாண்டி முழு உயிராகிறது. டிஸ்பே, அப்போசைக்ளோப்ஸ் பெண்கள் முட்டையைப் பையாகச் சுமந்து திரியும். போத்தலைக் கைக்கண்ணாடியில் பார்க்கும்போது வால்பக்கம் பை தெரிந்தால், அந்தப் போத்தல் தன் விலையைச் சம்பாதித்துவிட்டது.

தொட்டி தயாரா?

கோபிபாட் விடும் நாளைக் காலண்டர் முடிவு செய்யாது; தொட்டிதான் முடிவு செய்யும். புதிதாக வைத்த தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று வந்து, பாறையில் பழுப்பு நிற டயட்டம் படியத் தொடங்கும் வேளைதான் கோபிபாடின் வேளை. கண்ணாடி பழுப்பாகிவிட்டதே என்று பலர் கவலைப்படும் அந்த வாரத்தில்தான் கோபிபாடுக்குத் தீனி தயாராக இருக்கிறது. முதல் மீன் அப்போது தொட்டியில் இருக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நீரின் உப்புத்தன்மை ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருப்பது நன்று. கெடாவின் கரையோரக் கடல்நீர் சேறு கலந்தது. மெர்போக், மூடா ஆறுகளின் முகத்துவாரத்தை ஒட்டி மழைக்காலத்தில் அதன் உப்பும் இறங்கிவிடும். ஆகவே குழாய்நீரை ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, செயற்கைக் கடலுப்பைக் கலந்து நீர் தயாரிப்பதே நம்பகமான வழி. தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது வடிகட்டிய நன்னீரைத்தான் சேர்க்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. இதை மறந்து உப்புநீரையே ஊற்றிக்கொண்டு போனால் உப்புத்தன்மை மெல்ல மெல்ல ஏறி எல்லா உயிரையும் வாட்டும்.

வெப்பம் கெடாவின் தனிச் சிக்கல். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தகரக் கூரை வீடுகளில் பிற்பகல் வேளை 33 பாகையைத் தொடுவது சாதாரணம். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 பாகை போதும். நீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: கடல்நீர் 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் 6.2 அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் குறைவு பகலில் தெரியாது; விளக்கணைந்த விடியற்காலையில் மீனும் பவளமும் பாசியும் கோபிபாடும் ஒரே காற்றைப் பங்கிடும்போது தெரியும். சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் நீர்மட்டத்தின் மேல் விசிறி வைத்து இரண்டு மூன்று பாகை இறக்குகிறார்கள். காற்றில் ஈரம் கனத்த நாள்களில் அந்தப் பயன் குறையும். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது காசு கேட்காத குளிர்ச்சி.

எங்கே வாங்குவது, எங்கே எடுக்கக் கூடாது

கெடா மீன்கடைகளில் பெரும்பாலும் நன்னீர் மீன்களுக்குத்தான் இடம். கோபிபாட் போத்தல் பெரும்பாலும் பினாங்கிலிருந்தோ கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்தோ கூரியர் வண்டியில் வந்து சேர்கிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இருக்கும் சூடு போத்தலுக்குப் பகை. எனவே வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்வது, பாலிஃபோம் பெட்டியில் வைத்துக் கட்டச் சொல்வது, வந்த அன்றே வாங்கிக்கொள்வது ஆகிய மூன்றும் வழக்கமாகிவிட வேண்டும். சனி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடந்த போத்தலில் உயிர் மிஞ்சுவது அரிது.

கையில் வந்ததும் போத்தலை அசைக்காமல் ஐந்து நிமிடம் நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டில் டார்ச் விளக்கைக் காட்டிப் பார்க்க வேண்டும். உயிருள்ளவை ஊர்ந்தும் வெட்டி வெட்டித் துள்ளியும் நகரும். அடியில் வெள்ளைப் படிவாக மட்டும் கிடந்தால் அவை செத்தவை, அல்லது உரித்த சட்டைகள். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் அந்த நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

‘கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, அள்ளிக்கொண்டு வந்தால் என்ன’ என்ற எண்ணம் பலருக்கு வரும். தஞ்சோங் டாவாய் துறையிலிருந்தும் மெர்போக் சதுப்புக்காட்டிலிருந்தும் நீர் அள்ளி வருவதில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது, கோபிபாடிலேயே ஒட்டுண்ணி வகைகள் உண்டு. கூண்டில் வளர்க்கும் சியாகாப், கெராப்பு மீன்களின் தோலில் ஒட்டி அரிக்கும் கேலிகஸ் ஒரு கோபிபாட்தான். அக்ரோபோரா பவளத்தை வாட்டும், ‘சிவப்புப் பூச்சி’ என்று தொட்டிக்காரர்கள் அஞ்சும் டெகாஸ்டஸும் கோபிபாட்தான். இரண்டாவது, ஆற்று முகத்துவார நீரில் மேலே இருக்கும் வயல், தோட்டம், பட்டணம் எல்லாவற்றின் கழிவும் சேர்ந்திருக்கும். மூன்றாவது, ஹைட்ராய்டு போன்ற கொட்டும் உயிர்கள் கூடவே வந்து, ஒருமுறை நுழைந்தால் வெளியேற மறுக்கும்.

பவளப்பாறைக் கடல்தான் நல்லது என்று பூலாவ் பாயார் பக்கம் நினைப்பதும் தகாது. லங்காவிக்குத் தெற்கே பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் ஆகிய நான்கு தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ்க் காக்கப்படும் கடல் பூங்கா. அங்கே பவளமோ பிற உயிரோ எடுப்பது குற்றம். கல்பவளங்கள் எல்லாம் அழியும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. பண்ணையில் வெட்டி ஒட்டி வளர்த்த துண்டுகளைப் பத்திரத்தோடு வாங்குவதே முறை. தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் அது குற்றமே.

விடும் இரவு

கடலில் பாறையடியிலும் மணலிலும் பகல் முழுதும் பதுங்கியிருக்கும் சிற்றுயிர்கள் இருட்டிய பிறகே மேலே எழுந்து வருகின்றன. பகலில் பார்த்து வேட்டையாடும் மீன்கள் அப்போது உறங்கும். தொட்டியில் கோபிபாடை விடுவதற்கும் இதே நேரம்தான். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது.

முதல் வேலை வெப்பத்தைச் சமமாக்குவது. மூடிய போத்தலைத் தொட்டி நீரில் அரை மணி நேரம் மிதக்கவிட வேண்டும். அடுத்தது உப்பைச் சமமாக்குவது. போத்தல் நீரின் உப்புத்தன்மையை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, தொட்டி நீரோடு 2 அலகுக்கு மேல் வேறுபட்டால், சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரத்தில் நீரின் அளவை இரண்டு மடங்காக்கலாம். போத்தல் நீர் கலங்கியிருந்தால் 50 மைக்ரான் கண்ணுள்ள வலையில் வடித்து உயிரை மட்டும் எடுப்பது மேல். வலையில் ஏறியவற்றை உலரவிடாமல் உடனே தொட்டி நீரில் கழுவி இறக்க வேண்டும்.

அதற்குள் கருவிகளை நிறுத்திவிட வேண்டும். நீரோட்டப் பம்புகளை ஒரு மணி நேரம் நிறுத்தினால் உயிர்கள் கீழே இறங்கிப் பாறையைப் பற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். காற்றுக்கு ஒரு சிறிய காற்றுப் பம்பு போதும். ஸ்கிம்மரை மறுநாள் காலை வரை நிறுத்தலாம். யு.வி. விளக்கு இருந்தால் இரண்டு நாள் அணைத்து வைக்கலாம். வடிகட்டிப் பையைக் கழற்றிவிட வேண்டும்.

பாதியை அடைக்கலத் தொட்டியில், அதாவது மீன் நுழைய முடியாத தனி அறையில், விட வேண்டும். மீதியை நீண்ட பிப்பெட் அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சு கொண்டு பாறை இடுக்குகளிலும், பாறை மணலைத் தொடும் அடிப்பகுதியிலும் மெதுவாகச் செலுத்த வேண்டும். ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியில் நீர்மட்டத்தின் மேலிருந்து ஒரேயடியாகக் கொட்டினால் விழித்திருக்கும் மீன்களுக்கு அது பந்தி.

ஒரே போத்தலை நம்பியிருப்பதைவிட, இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை விடுவது பலன் தரும். முதல் கூட்டத்தில் வழியில் மெலிந்தவை சாகும், பிழைத்தவை முட்டையிடும். அந்த முட்டைகள் பொரிந்து வளரும் வேளையில் இரண்டாம் கூட்டமும் சேர்ந்தால், வேறு வேறு வயதுள்ளவை கலந்து வாழும் நிலை உருவாகும். எல்லா வயதும் இருக்கும் கூட்டமே நிலைக்கும்.

அடைக்கலமும் தீனியும்

மீன் நுழைய முடியாத ஓர் இடம் இல்லாமல் கோபிபாட் நெடுநாள் தங்காது. தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப்பில் ஓர் அறையைப் பிரித்து, கீட்டோமார்ஃபா என்ற கம்பிச்சுருள் போன்ற பச்சைப் பாசியை வளர்ப்பதைத்தான் அடைக்கலத் தொட்டி என்கிறோம். மொத்த நீரில் பத்தில் ஒரு பங்கு கொண்ட அறையே நல்ல தொடக்கம். அதன் விளக்கை மேல்தொட்டி அணைந்திருக்கும் இரவில் எரியவிட்டால், பாசி இரவிலும் கரியமில வாயுவை இழுத்து, விடியற்காலையில் பி.எச். விழுவதைக் குறைக்கும். பாசியின் சிக்கலில் கோபிபாட் முட்டையிட்டுப் பெருகி, நீரோடு சேர்ந்து மேல்தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

சம்ப் இல்லாத சிறு தொட்டிக்காரர் மனம் தளர வேண்டாம். உடைந்த உயிர்ப்பாறைத் துண்டுகளை ஒரு மூலையில் குவியலாக அடுக்கினாலே போதும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மீன் மூக்கு நுழையாத இடுக்கு ஒரு சிறு கிராமம்.

தீனியைப் பொறுத்தவரை, வாழ்ந்து பழகிய தொட்டியில் டிஸ்பே துகளிலும் படலத்திலும் தானே பிழைத்துக்கொள்ளும். புதிய தொட்டியில் மட்டும் பச்சைத் தண்ணீர், அதாவது வளர்த்த நுண்பாசி, சேர்க்க வேண்டியிருக்கும். நானோகுளோராப்சிஸ் எளிதில் கிடைக்கிறது, 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ளது, இ.பி.ஏ. நிறைந்தது, டி.எச்.ஏ. குறைந்தது. ஐசோகிரைசிஸ் டி.எச்.ஏ. நிறைந்தது. டெட்ராசெல்மிஸ் அளவில் பெரியது, நீந்திக்கொண்டே இருப்பதால் உடனே அடியில் படிந்து அழுகாது. இரண்டு மூன்றைக் கலந்து கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது. ஊற்றியதும் நீர் இலேசாகப் பச்சை காட்டி, மறுநாள் தெளிந்துவிட வேண்டும். தெளியவில்லை என்றால் அளவு மிகுந்துவிட்டது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறுவதற்கு அதுவே வாசல்.

வாளி வளர்ப்பு

மாதாமாதம் போத்தல் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்களுக்கு வாளி வளர்ப்பு கைகொடுக்கும். 10 லிட்டர் வாளி, மூடி, ஒரு காற்றுப் பம்பு, கல் மாட்டாத காற்றுக்குழாய் இவ்வளவுதான் கருவி. காற்றுக்கல் பொடிக்குமிழிகளை விடும். அவை இளவுயிரின் உடலில் ஒட்டி மேலே தூக்கிவிடும். திறந்த குழாயிலிருந்து விநாடிக்கு ஒன்று இரண்டாக வரும் பெரிய குமிழியே நல்லது. வாளியைச் சோப்பு படாததாக, இந்த வேலைக்கு மட்டும் என ஒதுக்கி வைக்க வேண்டும்.

நீர் எப்போதும் இளம்பச்சையாய் இருக்கும் அளவுக்குப் பாசி ஊற்றினால் போதும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை வலையில் வடித்து, உயிரைத் தொட்டியில் விட்டு, அதே அளவு புது உப்புநீரை வாளியில் ஊற்ற வேண்டும். அடியில் சேரும் கசடைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும்போது, அதையும் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கொட்ட வேண்டும். டிஸ்பே அந்தக் கசடில்தான் அதிகம் இருக்கும்.

வாளி வளர்ப்பு எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு வாரத்தில் சரிந்துவிடுவது உண்டு. சக்கரப்புழு எனப்படும் ரொட்டிஃபர் கலந்து தீனியைப் பறித்துக்கொள்வது, தீனி மிஞ்சி அழுகி அம்மோனியா ஏறுவது, பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்க் காற்று நின்றுவிடுவது ஆகியவை அடிக்கடி காணும் காரணங்கள். அதற்கு மருந்து ஒன்றுதான்: இரண்டு வாளி, இரண்டு இடம், இரண்டு வலை. ஒன்றில் நனைத்த கையை மற்றொன்றில் நனைக்கக் கூடாது. மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

கொசு மருந்தும் செம்பும்

கோபிபாட், இறாலின் உறவு என்பதால், பூச்சியைக் கொல்லும் மருந்து இதையும் கொல்லும். கெடா வீடுகளில் இது ஏட்டுப்பாடம் அல்ல. டிங்கி பரவும் காலத்தில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் கொசுப்புகை அடிப்பார்கள். அதில் பயன்படும் பைரித்திராய்டு வகை மருந்துகள் மனிதருக்குக் குறைவான தீங்கும், இறால் இனத்துக்கு மிகக் கடுமையான தீங்கும் செய்பவை. புகை அடிக்கும் அறிவிப்பு வந்ததும் தொட்டியின் மேல்புறத்தையும் சம்ப்பையும் ஈரத்துணியாலும் பிளாஸ்டிக் விரிப்பாலும் மூடி, கதவு சன்னல்களைச் சாத்தி, காற்றுப் பம்பு வெளிக்காற்றை இழுக்காதபடி சிறிது நேரம் நிறுத்தி, வாளிகளை இறுக மூடி, புகை கலைந்த பிறகே திறக்க வேண்டும். வீட்டுக்குள் எரியும் கொசுவர்த்தி, மின்சாரக் கொசுவிரட்டி, தெளிப்பான் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதே குடும்ப மருந்துதான். தொட்டி இருக்கும் அறையில் அவற்றுக்கு இடமில்லை. டிங்கிக்கு எதிரான அந்த வேலை மனித உயிரைக் காப்பது. அதைத் தடுக்கக் கூடாது. தொட்டியைக் காப்பது தொட்டிக்காரரின் பொறுப்பு.

நீர்த்தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லப் போடும் ஏபேட் மருந்தும் இறால் இனத்துக்கு நஞ்சு. மருந்து போட்ட பீப்பாய் நீரைக் கடலுப்பு கரைக்க எடுக்கக் கூடாது. மீன் நோய்க்குக் கொடுக்கும் செம்பு மருந்து கோபிபாடையும் இறாலையும் பவளத்தையும் அழித்துவிடும். நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றித்தான் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும். சிவப்புப் பூச்சியை ஒழிக்கக் கொடுக்கும் மருந்து நல்ல கோபிபாடையும் சேர்த்தே கொல்லும். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு குடியேற்றத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நிலைத்ததை அறிவது

விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சைக் கண்ணாடியில் சாய்வாகக் காட்டினால் உண்மை தெரியும். ஊர்ந்து ஊர்ந்து நின்று, சட்டென்று துள்ளும் வெண்புள்ளிகள் கோபிபாட். அரிசி அளவில் வளைந்து பக்கவாட்டில் ஓடுவது ஆம்ஃபிபாட், அதுவும் தீங்கற்றது. தட்டையாய், பழுப்பாய், வழுக்கிச் செல்வது தட்டைப்புழு. சிறு வெள்ளைச் சுருளாய் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது குழாய்ப்புழுவின் ஓடு. வெறுங்கண்ணுக்குச் சந்தேகமாய் இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும்.

கண்ணாடியில் ஒரே அளவுள்ள பத்துப் பெரிய புள்ளிகளைப் பார்ப்பதைவிட, சிறிதும் பெரிதுமாய் முப்பது புள்ளிகளைப் பார்ப்பது நல்ல செய்தி. அது இரண்டாம் தலைமுறை பிறந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. வாரம் ஒருமுறை அதே நேரத்தில், கண்ணாடியின் அதே இடத்தில் ஒரு கைப்பரப்பளவு எண்ணி நோட்டில் எழுதிவைப்பவருக்கு மூன்று மாதத்தில் தன் தொட்டியின் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

மீன் எப்போது?

கோபிபாடை நம்பி வளர்க்கும் மீன்களில் முதன்மையானது மாண்டரின். நீலமும் ஆரஞ்சும் கலந்த அதன் அழகைக் கண்டு மயங்கி வாங்குபவர்கள் அதிகம். பகல் முழுதும் பாறையைக் கொத்திக் கொத்தித் தின்னும் இனம் இது. கொடுக்கும் தீவனத்தைப் பெரும்பாலான மாண்டரின்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. போதிய கோபிபாட் இல்லாத தொட்டியில் அது சில வாரங்களில் வயிறு ஒட்டி, முதுகுப்பக்கம் மெலிந்து, பட்டினியால் சாகும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது நோய் அல்ல, பசி. கடற்குதிரைக்கும் ஊசிமீனுக்கும் இதே தேவை உண்டு. ஆறுகோட்டு ராஸ் போன்ற மீன் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் மாண்டரினை விட்டால், இரண்டும் ஒரே இரைக்குப் போட்டியிடும்.

தொட்டி குறைந்தது ஆறு மாதம் ஓடி, நீர் 200 லிட்டருக்குக் குறையாமல் இருந்து, இரவு டார்ச்சில் கோபிபாட் கூட்டம் வாராவாரம் குறையாமல் தெரிந்த பிறகே மாண்டரினைப் பற்றி யோசிக்கலாம் என்பது இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவர்களின் கணக்கு. ரப்பர் கன்று நட்ட அன்றே யாரும் பால் வெட்டுவதில்லை. மரம் பருத்து முற்ற 5 முதல் 7 ஆண்டு காத்திருப்பார்கள். அந்தப் பொறுமையில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் பெரிய காலம் அல்ல.

கோபிபாடைத் தொட்டியில் விட ஓர் இரவு போதும். அது பாறை பிடித்து, முட்டையிட்டு, பேரப்பிள்ளைகள் காணும்வரை மீன் வாங்கும் கையைக் கட்டிவைப்பதுதான் இந்தத் தொழில். புதிதாகத் தொட்டி வைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றே: முதலில் இரையைக் குடியேற்றுங்கள், மீன் பிறகு வரட்டும்.